நாகரிகம் எந்த நகரில் உள்ளது? கல்முனைக் கரையிலிருந்து ஒரு விமர்சன நோக்கு

1

'நாகரிகம்' என்னும் சொல் நகரத்தோடு ஒட்டிப் பிறந்தது. நகரவாசியின் நடையுடையும் பேச்சும் சுவையும் ஏனையோருடையவற்றிலும் மேலானவை என்ற முடிவு அச்சொல்லின் வேரிலேயே பொதிந்துள்ளது. எனினும் தமிழ் மரபில் அதற்கு வேறொரு பொருளும் வழங்கி வந்திருக்கிறது. வள்ளுவர் அச்சொல்லை ஆள்வது கண்ணோட்டம் என்னும் அதிகாரத்திலாகும். நஞ்சு ஊற்றப்படுவதைக் கண்ணாற் கண்டபின்னும், ஊற்றியவரோடு கொண்ட உறவை முறிக்க மனமின்றி அதனை அருந்துபவர் அங்கு பேசப்படுகிறார். அடுத்தவரை முகங்கோணாது ஏற்கும் பண்பே அவ்விடத்தில் நாகரிகம்.

இவ்விரு பொருள்களும் ஒன்றல்ல. முதலாவது, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் புலப்படுவது. இரண்டாவது, ஊருக்குள் வந்து சேர்ந்தவன் மட்டுமே அறியக்கூடியது. ஒரு பெருநகரத்தை அதன் போட்டி நகரங்களோடு ஒப்பிட்டு 'இதுவே உயர்ந்தது' என வெளியார் மதிப்பிடும்போது பெரும்பாலும் முதற்பொருளையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஈழத்துத் தமிழ் இலக்கிய விமர்சனமும் நெடுங்காலம் இதே அளவுகோலைத் தன்னையறியாமலே கையாண்டு வந்துள்ளது என்பதும், அதனால் உரிய கணிப்பைப் பெறாது போனவற்றுள் கல்முனைக் கரையின் எழுத்தும் ஒன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2

கல்முனைக் கரை என இங்கு குறிக்கப்படுவது, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறித் தொடுத்தாற்போல் அமைந்த கரையோரமாகும். கிழக்கே கடல்; மேற்கே வயல். 1961 வரை இது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பின்னர் அம்பாறை மாவட்டம் உருவானபோது, கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தோடு உள்நாட்டில் வளர்ந்த அம்பாறை நகரம் அதன் தலைநகராயிற்று. புகையிரதம் மட்டக்களப்பு வரையில்தான் வரும். கல்முனைக்கு இருப்புப்பாதை கிடையாது. நகரம் என்றாலே தொலைவில் இருப்பது, பயணப்பட்டுப் போய்ச் சேர வேண்டியது என்ற எண்ணம் இக்கரை மக்களிடம் வேரூன்றியதற்கு இத்தகைய பௌதிக நிலைமைகளும் காரணமாகும்.

இக்கரையின் பார்வையில் மூன்று நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நின்றன. யாழ்ப்பாணம் இங்கு ஆட்களாக வந்தது. ஆசிரியர், எழுதுவினைஞர், சட்டத்தரணி, கடைக்காரர் என்போரின் வடிவில் மக்கள் அதனைக் கண்டனர். கொழும்பு தாள்களாக வந்தது. வர்த்தமானி, சுற்றுநிருபம், தினகரன், வீரகேசரி ஆகியவற்றின் வழியாகவும், பிற்காலத்தில் வானொலிக் குரலாகவும் அது இக்கரையை எட்டியது. சென்னையோ அச்சாகவும் திரையாகவும் வந்தது. அந்நகரின் தெருவொன்றையும் மிதித்தறியாதவர்கூட அதன் சஞ்சிகைகளையும் திரைப்படங்களையும் கொண்டு அந்நகரத்தைத் தம் மனத்திற் கட்டி வைத்திருந்தனர்.

இம்மூன்றினுள் எது நாகரிகத்தில் உயர்ந்தது என்ற வினாவுக்குக் கரையில் ஒரே விடை இருந்ததில்லை. பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் தந்தைக்கு யாழ்ப்பாணமே உயர்ந்தது. நெல்லையும் துணியையும் விற்கப் போனவருக்குப் புறக்கோட்டையை விடப் பெரிய இடமில்லை. கவிதை எழுதிய இளைஞனுக்குத் தன் பெயர் சென்னைச் சஞ்சிகையொன்றில் அச்சேறுவதே பேறாக இருந்தது. ஒருவன் எந்த நகரத்தை உயர்ந்ததெனக் கொள்கிறான் என்பது, அந்நகரின் இயல்பைக் காட்டிலும் அவனுக்கு எது கிடைக்காதிருந்தது என்பதையே நமக்கு அறிவிக்கிறது.

3

இவ்வுண்மையை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் இப்னு கல்தூன். தூனிஸில் 1332இல் பிறந்து, 1377இல் தமது வரலாற்று முன்னுரையை எழுதி, பின்னர் கெய்ரோவிற் குடியேறி அங்கேயே 1406இல் மறைந்தவர் அவர். பேஸ் நகரத்துப் பிச்சைக்காரனது நிலை திலிம்சான், ஓரான் ஆகிய நகரங்களின் பிச்சைக்காரனது நிலையிலும் மேலானது என அவர் அந்நூலில் எடுத்துக்காட்டுகிறார். மஃரிபின் ஏழைகள் கெய்ரோவுக்குப் போய்விடத் துடித்ததையும் குறிப்பிடுகிறார். கெய்ரோவாசிகள் ஏனையோரைவிடக் கொடையாளிகள் என்றும், அவர்களிடம் புதையல்கள் குவிந்துள்ளன என்றும் பொதுமக்கள் கருதினர். இப்னு கல்தூன் இதனை மறுக்கிறார். அந்நகரில் மக்கட்டொகையும் உழைப்பும் பெருமளவிற் திரண்டிருப்பதே அவ்வளத்துக்குக் காரணம் என்பது அவர் முடிவு. வெளியார் நகரத்து மனிதரின் குணமெனக் கண்டதை, அவர் அங்கு திரண்டிருந்த உழைப்பின் விளைவென விளக்கினார்.

இவ்விளக்கத்தை நமது சூழலுக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுடையது. கொழும்பின் மெருகு அதன் துறைமுகத்திலும், நிருவாகத்திலும், அங்கு குவிந்த தோட்டப் பொருளாதாரத்தின் இலாபத்திலும் தங்கியிருந்தது. கல்முனைக் கரையின் வயல்கள் விளைத்த நெல்லும் மருதமுனைக் கைத்தறிகள் நெய்த சாரமும் சேலையும் வெளியூர்ச் சந்தைகளுக்குச் சென்றன. உண்பதற்கும் உடுப்பதற்கும் உரியவற்றை அனுப்பிய ஊர்கள், உண்ணும் முறையையும் உடுக்கும் முறையையும் நகரத்திடமிருந்து கற்க வேண்டியவையாகக் கருதப்பட்டன. இம்முரண்பாடு பண்பாட்டுத் துறையிற் தோன்றினும் அதன் வேர் பொருளாதாரத்திலேயே உள்ளது.

இலக்கியத்திலும் இதே நிலைமையைக் காணலாம். அச்சகமும் பத்திரிகையும் வானொலி நிலையமும் எங்கிருந்தனவோ, அங்கிருந்தே இலக்கியத் தரமும் வருவதாக எண்ணப்பட்டது. ஆயின் வாயில் திறக்கப்பட்டபோதெல்லாம் நிகழ்ந்தது என்ன? 1959 முதல் 1961 வரை க. கைலாசபதி தினகரனின் ஆசிரியராக விளங்கிய காலத்தில், தலைநகருக்கு வெளியே வாழ்ந்த எழுத்தாளர் பலர் நாடறிந்தோராயினர். 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் வெளியீடுகள் பெருகின. அதுவரை இல்லாத திறமை ஓரிரவில் முளைத்துவிடவில்லை. இருந்த திறமை வெளிவர இடம் கிடைத்தது. வெளியூரில் இலக்கியச் சுவை குறைவு என்ற கணிப்பு, அச்சு வசதியின் குறைவைச் சுவையின் குறைவாகப் பிறழ உணர்ந்ததால் ஏற்பட்டதாகும்.

4

தேசிய இலக்கியக் கோரிக்கை வலுப்பெற்ற காலத்து விவாதங்கள் இங்கு நினைவுகூரத்தக்கன. ஈழத்து எழுத்து தமிழகத்தினதைவிடப் பின்தங்கியுள்ளது என்றும், ஈழத்துப் பேச்சுவழக்குச் சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்றும் தமிழகத்திலிருந்து கருத்துகள் எழுந்தபோது, ஈழத்து விமர்சகர்கள் அவற்றை உறுதியாக எதிர்த்தனர். சென்னைத் தமிழுக்கும் தஞ்சைத் தமிழுக்கும் வேண்டாத அடிக்குறிப்பு ஈழத் தமிழுக்கு மட்டும் ஏன் என்ற வினா நியாயமானதே. ஒரு வட்டாரத்தின் பேச்சு, அங்கு அச்சகம் உள்ளது என்ற காரணத்தால் மட்டும் பொதுமொழியாகிவிடாது என்பதே அவ்வெதிர்ப்பின் சாரமாகும்.

ஆனால் அதே நியாயம் ஈழத்துக்குள் எவ்வளவு தூரம் பின்பற்றப்பட்டது? யாழ்ப்பாணத்துப் பேச்சில் எழுதப்பட்ட கதை 'ஈழத்துக் கதை' எனப்பட்டது. 'மறுகா' என்றும் 'கிறுகி' என்றும் 'வாகா' என்றும் பாத்திரங்கள் பேசும் கதை 'மட்டக்களப்பு மண்வாசனைக் கதை' எனப்பட்டது. முஸ்லிம் ஊர்களின் அரபுச் சொற்கள் கலந்த பேச்சு இடம்பெற்றாலோ அது 'முஸ்லிம் கதை' என மேலும் ஒடுக்கப்பட்டது. மண்வாசனை என்பது பாராட்டுச் சொல்லாகவே வழங்கிற்று என்பது உண்மை. எனினும் ஒருவருக்கு மட்டும் மண்ணின் வாசனை உண்டு, மற்றவருக்கு அது இல்லை என்பது, மற்றவரது மண் பொதுநிலம் என்பதை ஒப்புக்கொள்வதாகும். சென்னை நமக்கு விதித்த அடிக்குறிப்பை நாம் கிழக்குக்கு விதித்தோம்.

மொழியியலோ இதற்கு மாறான சான்றைத் தருகிறது. பேச்சுத் தமிழின் கிளைமொழிகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்பது செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபிலின் கருத்தாகும். செந்தமிழுக்கு அண்மையது எதுவெனும் ஒப்பீட்டைக் கொண்டு ஒரு பேச்சை உயர்த்துவதும் ஏற்புடையதல்ல என்பது வேறு விடயம். தூய்மை என்னும் அளவுகோலைப் பிடித்தவர்கள்கூட அதனை நேர்மையாகப் பிரயோகிக்கவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

மையத்தின் பார்வை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்கு வாய்மொழி வழக்கொன்றும் சான்றாகும். மட்டக்களப்புக்குப் போகும் ஆடவனை அங்குள்ள பெண்கள் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிய பேச்சு. உத்தியோகம் நிமித்தம் கிழக்குக்குச் சென்றவர்களிற் சிலர் அங்கேயே மணம்புரிந்து தங்கினர். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வருபவர்கள். மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் அங்கு இயல்பான வழமை. அவ்வழமையை வேறொரு சமூகத்தின் ஒழுங்கெனப் புரிந்துகொள்ளாத மனம் அதனை மந்திரமென விளக்கியது எனக் கருத இடமுண்டு. பெண்ணுக்குச் சொந்த வீடு என்ற நிலை பல நகரங்களில் இன்றும் கோரிக்கையாகவே இருக்கும்போது, அதனை நடைமுறையிற் கொண்டிருந்த கரையோரம் பின்தங்கிய பிரதேசமாகக் கணிக்கப்பட்டது.

5

இவ்வாறு கூறுவதால் நகரத்தைப் பழித்து ஊரைப் புனிதப்படுத்துவது நமது நோக்கமெனக் கொள்ளலாகாது. நகரம் தரும் விடுதலை மெய்யானது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, எவரும் எவரது சாதியையும் உடனறிய முடியாத கொழும்புத் தெரு ஓர் ஆறுதலாகவே இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தின் கல்விச் சிறப்பை வெளியூரார் வியந்துகொண்டிருந்தபோது, அந்நகரின் உள்ளிருந்தே அதனை வெளியாராக நோக்க நேர்ந்தவர்களும் இருந்தனர். நகரங்களுக்கிடையிலான பயணம் மனிதரை விசாலப்படுத்தும் என்பதற்கும் சான்றுண்டு. 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். இங்கு கண்ட கல்வி நிலைமை, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் நிறுவுவதற்குத் தூண்டுகோலாயிற்று. பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளுடனும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையுடனும் அவர் கொண்ட தொடர்பு இக்கரையில் வலுப்பெற்றதே. நகரிலிருந்து வந்தவர் ஊரிடம் கற்க ஆயத்தமாக இருந்தால் என்ன விளையும் என்பதற்கு அவரது வாழ்வு ஓர் எடுத்துக்காட்டாகும்.

கல்முனை எழுத்தாளரும் நகரங்களை வெறுமனே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பெரியநீலாவணை நீலாவணன் இங்கிருந்தே எழுத்தாளர்களை ஒன்றிணைத்தார்; அவரது 'வழி' 1976இலும், வயலையே பொருளாகக் கொண்ட 'வேளாண்மை' 1982இலும் அவர் மறைவுக்குப் பின் நூலாயின. 1969-70 காலப்பகுதியில் எம். ஏ. நுஃமானை ஆசிரியராகக் கொண்டு 'கவிஞன்' இங்கிருந்து வெளிவந்தது. 1981இல் அவரது மொழிபெயர்ப்பில் வெளிவந்த பலஸ்தீனக் கவிதைகள், இக்கரையின் பார்வை மூன்று நகரங்களோடு முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டின. 1984இல் நுஃமானும் யாழ்ப்பாணத்து அ. யேசுராசாவும் தொகுத்து, சென்னையில் க்ரியா வெளியிட்ட 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' என்ற தொகுதியில், நீலாவணன், நுஃமான், சண்முகம் சிவலிங்கம் என மூவர் கல்முனையையும் அதன் அண்டை ஊர்களையும் சேர்ந்தவர்கள். பதினொருவரில் மூவர் ஒரு சிறு கரையோரத் துண்டிலிருந்து வந்திருக்க, அப்பிரதேசத்தை இலக்கியத்தின் ஓரம் என்பது எக்கணக்கில் சரியாகும்? சோலைக்கிளியின் 'காகம் கலைத்த கனவு' 1991இல் நோர்வேயில் நூலாயிற்று. போட்டியிட்ட மூன்று நகரங்களில் எதனது கைச்சாத்தையும் வேண்டாமலே கல்முனைக் கவிதை அங்கு சென்று சேர்ந்தது.

6

நாகரிகத்தின் இரண்டாவது பொருளுக்கு இப்போது வருவோம். சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து வந்த இருவர் மதுரையைக் காண்கின்றனர். ஊர்காண் காதையிற் கோவலன் கடைவீதிகளையும் மணிகளின் தரத்தையும் துணிகளின் வகையையும் கண்டு மகிழ்கிறான். அவன் கண்டது நகரத்தின் மெருகு. மறுநாள் அதே நகரம் விசாரணையின்றி அவனைக் கொல்கிறது. நகருக்கு வெளியே ஆயர் மனையில் தங்கியிருந்த கண்ணகி உள்ளே நுழைந்தபோது கேட்டது ஒரே கேள்விதான்: வந்தவனுக்கு இந்நகரம் நீதி செய்ததா? காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் ஆகிய ஊர்களில் இன்றும் கண்ணகிக்கு வைகாசியிற் குளிர்த்தி நடைபெறுகிறது, வழக்குரை பாடப்படுகிறது. பெருநகரொன்றை வெளியூர்ப் பெண் விசாரித்த கதையைத் தெய்வ வழிபாடாகப் பேணிய கரை இது.

அவ்வளவுகோலைக் கொண்டு நமது காலத்து நகரங்களை நோக்கினால் விடை கசப்பானது. நாட்டின் நாகரிகத் தலைவாசலெனப்பட்ட கொழும்பில் 1983 யூலையில் தமிழர் தேடித் தேடித் தாக்கப்பட்டனர். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31ஆம் திகதி இரவு அரச காவற்படையினரால் எரியூட்டப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அக்கொடுமையைப் பற்றி எழுந்த கவிதைகளுள் இன்றளவும் பெரிதும் பேசப்படுவது நுஃமானின் 'புத்தரின் படுகொலை'. யாழ்ப்பாணத்தின் அறிவுச் செல்வம் அழிந்ததைத் தன் இழப்பாக உணர்ந்து எழுதியவர் கல்முனைக்குடியிற் பிறந்த ஒருவர். ஒன்பது ஆண்டுகளின் பின், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். அஸீஸ் பிறந்த வண்ணார்பண்ணையின் நகரம் அது. வெளியேற்றியவர் ஆயுதம் தாங்கியோரே என்பது உண்மை. ஆயினும் கற்றோர் நிறைந்த அந்நகரிலிருந்து எழுந்த எதிர்ப்புக் குரல்கள் மிகச் சொற்பம் என்பதையும் விமர்சகன் சொல்லாது விடுதல் கூடாது. கல்விச்சாலைகளின் தொகையும் நூல்களின் தொகையும் ஒரு நகரத்தின் கண்ணோட்டத்துக்கு உத்தரவாதமல்ல.

இவ்விடத்தில் கல்முனை தன்னை விலக்கிக்கொள்ள முடியாது. இன்று கல்முனையும் ஒரு மாநகரம். 2001 முதல் அதற்கு மாநகர சபை உண்டு. அண்டை ஊர்களின் கண்ணுக்கு அது நகரமாகத் தெரிகிறது. நாம் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் நோக்கிக் கேட்ட அதே வினாவை அவ்வூர்கள் நம்மை நோக்கிக் கேட்கின்றன. 1985 ஏப்ரலில் காரைதீவிற் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது, எரித்தவர்களோடு அண்டை முஸ்லிம் ஊர்களின் கும்பல்களும் நின்றன. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரும் தமிழரின் போராட்டம் 2019இல் உண்ணாவிரதமாக வெடித்தது. முழுக்க முஸ்லிம்கள் வாழும் சாய்ந்தமருதும் கல்முனையிலிருந்து பிரிந்து தனிச் சபை வேண்டுமென்று கேட்டது. 2020 பெப்ரவரியில் அதற்கென வெளியான வர்த்தமானி அறிவித்தல் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. இப்பிணக்குகளின் நியாயங்களைத் தீர்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. இனமும் மதமும் ஒன்றாயினும், பக்கத்து ஊரே ஒரு நகரத்தை அந்நியமாக உணரக்கூடும் என்பதை மாத்திரம் அவை தெளிவாக்குகின்றன.

எனவே விமர்சனம் செய்ய வேண்டிய பணி இரு வகைப்பட்டது. மையத்தின் வளத்தை மையத்தின் தரமாகக் கொள்ளும் பழக்கத்தைக் கைவிட்டு, கல்முனையின் எழுத்தை எழுத்தாகவே வாசித்தல் ஒன்று. அதே வேளை, ஓரத்தில் இருந்தோம் என்ற காரணத்தால் நமது மையங்களைக் கேள்விக்கு அப்பாற்பட்டவையாகக் கருதாதிருத்தல் மற்றொன்று. எந்த நகரம் நாகரிகமானது என்று தீர்ப்பளிக்கும் உரிமை, அந்நகருக்கு வெளியே நின்று உள்ளே வந்தவனுக்கே உண்டு. கொழும்பைப் பற்றியும் யாழ்ப்பாணத்தைப் பற்றியும் கல்முனை அத்தீர்ப்பைச் சொல்லலாம். கல்முனையைப் பற்றிக் காரைதீவும் பாண்டிருப்பும் சாய்ந்தமருதும் சொல்ல வேண்டும். அதனைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை கல்முனைக்கு வேண்டும்.